சுவரில் தொங்கிய நன்றிக் கடிதம்

எசென் செத்துப் பிழைத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஹெராயினை விட்டு மூன்று வாரம் சுத்தமாக இருந்தவன், நாலாவது வாரம் பழைய அளவையே ஊசியில் ஏற்றிக்கொண்டான். உடம்பு தாங்கவில்லை. குளியலறைக் கதவை உடைத்து அவனை வெளியே இழுத்துப் போட்டவள் அக்கா சைராகுல். ஓஷ் நகரத்தில் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர் அவள்.

"அவன் முன்னாடி போன ஆஸ்பத்திரியில புது மெஷின் வந்திருக்காம். பத்து நாள் தூங்க வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணிடுவாங்களாம்" என்று உறவுக்காரர்கள் நச்சரித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் எசென் படுத்துக் கிடந்துவிட்டு வந்த தனியார் மருத்துவமனைதான் அது. வேறு வழி தெரியாமல் சைராகுல் மறுபடி அங்கேயே கூட்டிப்போனாள்.

தலைமை டாக்டர் தேநீர் ஊற்றிக் கொடுத்து, மெஷினைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் சைராகுல் கேட்டாள்.

"இங்க வந்து போனவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேர், ஒரு வருஷம் கழிச்சும் ஊசியைத் தொடாம இருக்காங்க டாக்டர்?"

"எல்லாருமே நல்லா இருக்காங்கம்மா. வெளியே சுவத்துல எத்தனை கடிதம்னு நீங்களே பாருங்க!"

போய்ப் பார்த்தாள். கண்ணாடிச் சட்டம் போட்ட நன்றிக் கடிதங்கள் வரிசை வரிசையாகத் தொங்கின. பின்னால் வந்த எசென் ஒரு கடிதத்தின் முன் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, இதைப் படி."

'நான் முழுமையாகக் குணமாகிவிட்டேன். எனக்கு மறுபிறவி கொடுத்தீர்கள்.' கீழே எசெனின் கோணல் கையெழுத்து.

"அஞ்சாவது நாளே எழுதி வாங்கிட்டாங்க. வீட்டுக்கு வந்த மூணாவது வாரம் மறுபடி ஆரம்பிச்சுட்டேன். உயிரோட இருக்கியான்னு அதுக்கப்புறம் ஒருத்தர்கூட கேக்கல."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "மன உறுதி இல்லாதவனுக்கு நாங்க என்ன பண்றது?"

"தேறினா உங்க வைத்தியம், தேறலன்னா அவன் குத்தமா? இந்தக் கணக்கை எங்க ஆறாம் கிளாஸ் பிள்ளைங்ககூட ஒத்துக்காதுங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

ஹெராயின் ஏக்கத்தை அடக்க, அதற்குப் பதிலாக மெத்தடோன் மருந்து ஊற்றிக் கொடுக்கும் அரசு மையம் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். டைல்ஸ் ஒட்டும் வேலை செய்யும் எசென்தான் முரண்டு பிடித்தான்.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா? ஊரே சிரிக்கும்."

"டைல்ஸ் ஒட்டுறப்ப ஊர்ல நாலு பேர் சொல்றதைக் கேப்பியா, தரை சமமா இருக்கான்னு ரசமட்டத்தைப் பாப்பியா?"

"ரசமட்டத்தைத்தான்."

"அப்ப வாயை மூடிட்டு வா."

மையத்து டாக்டர் பெகிமாயிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"போன வருஷம் நூத்திப்பத்து பேர் சேர்ந்தாங்க" என்றாள் பெகிமாய். "அறுபத்தெட்டு பேர் இன்னும் வர்றாங்க. ரெண்டு பேர் இறந்துட்டாங்க. மத்தவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. இது மந்திரம் இல்லக்கா, தினமும் வந்து குடிக்கணும், வருஷக்கணக்கா. ஆனா பல நாட்டுல ஆயிரக்கணக்கான பேரை ரொம்ப நாள் கூடவே போய்க் கவனிச்சிருக்காங்க. வெறுமனே சுத்தம் பண்ணி அனுப்பினவங்கள்ல பெரும்பாலானவங்க ஊசிக்குத் திரும்பிடறாங்க. இதைக் குடிக்கிறவங்க சாகிறது ரொம்பக் குறைவு."

இறந்தவர்களையும் மறைக்காமல் சொன்னாளே, அதில்தான் சைராகுலுக்கு நம்பிக்கை பிறந்தது. எசென் அன்றே கையெழுத்துப் போட்டான்.

முதல் மாதம் இரண்டு தடவை வழுக்கி, மறுபடி ஊசியைத் தொட்டான். பெகிமாய் திட்டவில்லை, மருந்தின் அளவைக் கூட்டினாள். அப்புறம் ஊசி நின்றுவிட்டது. காலையில் மருந்து, பிறகு டைல்ஸ் வேலை என்று நாட்கள் ஓடின.

வசந்த காலத்தில் ஒரு ஞாயிறு மதியம், அக்கா சமைத்த லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்தை நகர்த்திவிட்டு எசென் முகம் சுளித்தான்.

"உப்பே இல்ல. சாக்பீஸ் பொடியைத் தின்னு நாக்கு செத்துப்போச்சா உனக்கு?"

"துரைக்கு ருசி கேக்குதோ! நாளையிலேர்ந்து நீயே சமைச்சுக்க!"

கத்திக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். வெறும் உப்புக்காகத் தம்பியோடு சண்டை போட்டு எத்தனை வருஷமாயிற்று! உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் மெல்ல இறங்குவதுபோல இருந்தது. உட்கார்ந்து, அவன் கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஏய், அது என்னோடது!" என்றான் எசென்.