அண்ணன் இடித்த சுவர்

பல்லக்காவுக்கு அண்ணன் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. அவன் கட்டட கான்ட்ராக்டர், வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். அவளோ பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுப்பாள். தெருவில் அவளைவிட மூத்தவர்களும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் தொழில் பார்த்த இடத்தை அவளுக்கு விற்றதே அண்ணன்தான். கீழ்த்தளத்தில் இரண்டு அறை. குத்தகை இடம். கட்டடம் நமக்கு, மண் வேறொருவருக்கு. குத்தகைக் காலம் முடிகிறவரை நாம்தான் ராஜா, முடிந்தால் பெட்டி படுக்கையோடு வெளியே. நடுவில் விற்க வேண்டுமென்றாலும், ஒரு செங்கல்லை எடுக்க வேண்டுமென்றாலும் மண்ணுக்காரரின் சம்மதம் வேண்டும். இதையெல்லாம் வாங்கும்போதே யாராவது அவளை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்வது? அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். கூடப் பிறந்தவர்களுக்குள் வாங்குவது விற்பது என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வக்கீல். தனி வக்கீல் வைத்தால் சண்டைக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். அதனால் அண்ணனின் வக்கீல் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பத்திரத்தைப் படித்தால் அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்காதா? என்ன ஒரு மரியாதை!

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவர், லிஃப்டே இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருந்தார். வேலையில் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியதிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "உச்சந்தலையப் பாத்தே யாரு போறாங்கன்னு சொல்லிடுவேன், தெரியுமா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் அவளுக்கு அழுகைதான் வரும். தொழில் இடத்தை விற்றுவிட்டு, படியே இல்லாத ஒரு சின்ன வீட்டை வாங்க வேண்டும். அதன் பின்னறையில் பல் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த மனுஷன் ஒருமுறை மண்ணில் கால் வைக்க வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். அப்படி ஒரு வீட்டைப் பார்த்துப் பேசியும் வைத்துவிட்டாள்.

இடத்தை வாங்க வந்தவள் ஓர் இளம் பல் டாக்டர்.

"அக்கா, உங்க பக்கம் வக்கீல் யாரு?"

"எங்க அண்ணனோட வக்கீல்தான்," என்றாள் பெருமையாக.

"அவரு உங்களுக்கு வக்கீலா, அண்ணனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "தனியா ஒருத்தரைப் பாருங்கக்கா. உங்களுக்காக மட்டும் பேசறவங்களா இருக்கணும்."

மருந்துக்கடை மாடியில் ஒரு வக்கீலம்மா இருந்தார். திருடப் போகிறவள் மாதிரி பல்லக்கா அங்கே படியேறினாள். வக்கீலம்மா நேரில் வந்து இடத்தைப் பார்த்தார். எல்லோரும் மேசையில் இருந்த பல் வரிசையைப் பார்ப்பார்கள், இவர் மட்டும் கூரையைப் பார்த்தார். நடுவில் ஒரு கோடு ஓடியது.

"இங்க சுவர் இருந்துச்சா?"

"எங்க அண்ணனே வந்து இடிச்சுக் குடுத்தாரு. தூசில நான் இருமறதப் பாத்துட்டு, உனக்குக் காத்து வேணும் பாப்பான்னு சொல்லி, தன் கையாலயே சம்மட்டி புடிச்சாரு. ஒரு பைசா வாங்கல."

"மண்ணுக்காரர்கிட்ட சம்மதம் வாங்கினாரா?"

"அதெல்லாம் அண்ணன் பாத்திருப்பாரு."

வக்கீலம்மா பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார். மண் கைமாறிவிட்டது, இப்போது அது அண்ணன் பெயரில் இருக்கிறது என்றார். கேட்டதும் பல்லக்காவுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்பாடா, மண்ணுக்காரர் நம்ம அண்ணன்தான், இனி என்ன கவலை!

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் வக்கீலம்மா. "இடத்த உங்களுக்கு வித்த கையோட மண்ண வாங்கியிருக்காரு. சுவர இடிச்சது அதுக்கப்புறம். சம்மட்டி புடிச்சப்ப அவர்தான் மண்ணுக்காரர். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா?"

சொல்லவில்லை. அப்போதும் அவள் மனசு அண்ணனுக்காகவே வாதாடியது. வேலை மும்முரத்தில் மறந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டே அவன் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போனாள்.

கம்பி கட்டும் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்த அண்ணன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "வா பாப்பா! மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"

"மண்ண நீதான் வாங்கியிருக்கியாமேண்ணா?"

மலர்ந்த முகம் சுருங்கியது. "யாரு சொன்னா? எனக்குத் தெரியாம வக்கீல் வச்சியா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். ஆமாம், அவள்தான் கேட்டாள்! பிறகு அதை நினைத்து நினைத்து அவள் கூனிக் குறுகினாள்.

"விக்கறதுக்கு உன் சம்மதம் வேணுமாம். ஒரு கையெழுத்து போட்டுக் குடுண்ணா. அவர எப்படியாவது கீழ எறக்கணும்."

"போடறேன், யாரு மாட்டேன்னா? ஆனா அந்தச் சுவர் இருக்கே. அனுமதி இல்லாம இடிச்சிருக்கு. அத அப்படியே விட்டுட்டுக் கையெழுத்து போட்டா நாளைக்கு எனக்குத்தான் தலைவலி."

"நீதானேண்ணா இடிச்ச!"

"எந்தப் பேப்பர்ல இருக்கு?"

கோபப்பட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில் கேட்டான். எதிலும் இல்லை. அண்ணன் அன்போடு இடித்துக் கொடுத்ததற்கு எந்தத் தங்கை ரசீது கேட்பாள்? இத்தனை நாள் யாரிடம் போய் அண்ணா அண்ணா என்று உருகினோம் என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"வெளியாளுக்கு எதுக்குக் குடுக்கற?" அண்ணனின் குரலில் மறுபடி தேன் வந்துவிட்டது. "எனக்கே குடு." டாக்டர் சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒரு விலையைச் சொன்னான். "குத்தகை வருஷம் கொறைஞ்சுக்கிட்டே வருது பாரு. கொறையக் கொறைய இடத்துக்கு மதிப்பு ஏது? நீட்டிக் குடுக்கறதெல்லாம் மண்ணுக்காரன் இஷ்டம்." மண்ணுக்காரன் யாரோ மூன்றாம் மனிதன் மாதிரி பேசினான் பாவி.

வக்கீலம்மா கையை விரிக்கவில்லை. "வழக்குப் போடலாம்மா. இடிச்சது அவர்தான்னு நிரூபிக்கலாம். காரணமில்லாம சம்மதத்த மறுக்கவும் முடியாது. ஜெயிப்பீங்க. எப்பன்னு மட்டும் கேக்காதீங்க."

அண்ணன் மறுத்தால்தானே? யோசிக்கிறேன், ஊரில் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தான். பல் டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு இடம் வாங்கினாள். பேசி வைத்த வீடும் கைநழுவிப் போனது. நாலாவது மாடியில் வீட்டுக்காரர் உச்சந்தலைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அவள் தோற்றுப்போனாள். ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுத்தவள், தன் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனுக்கே எழுதிக் கொடுத்தாள். வக்கீலம்மா கூடவே வந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டினார். பல்லக்கா ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். "இவ்வளவு சந்தேகமா பாப்பா?" என்று அண்ணன் மனம் நொந்துகொண்டான்.

அந்தப் பணத்தோடு காதிலும் கழுத்திலும் கிடந்ததையும் போட்டு, முதலில் பார்த்ததைவிடச் சின்ன வீடு ஒன்றை வாங்கினாள். பின்னறை கிடையாது. இனி இன்னொருவரின் பட்டறையில் கூலிக்குத்தான் பல் செய்ய வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒரே வரிதான் சொன்னாள், அண்ணனே வாங்கிக்கொண்டார் என்று. விஷயம் முழுதும் தெரிந்தால் அந்தக் காசில் கீழே இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பார், அவ்வளவு ரோஷக்காரர். அவனைக் காட்டிக்கொடுக்கக்கூட வழியில்லாமல், அவன் செய்த துரோகத்தை அவளே மூடி மறைத்தாள். விலை போனதைவிட அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

நாலு பேர் நாற்காலியோடு தூக்கி அவரைக் கீழே இறக்கினார்கள். புது வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் மண்ணில் வைத்தார். கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"மச்சான் மட்டும் இல்லேன்னா இது நடந்திருக்குமா?" என்றார். "போன் போடு அவருக்கு. என் வாயால சொல்லணும்."

அவள் அசையவில்லை. அவரே அவள் கையிலிருந்து போனை வாங்கி எண்ணை அழுத்தினார். மச்சான், நீங்க செஞ்ச உதவிய இந்தக் கட்டை வேகற வரைக்கும் மறக்க மாட்டேன் என்று தழுதழுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. தேன் மட்டும் புரிந்தது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்," என்று அவர் போனை அவளிடம் நீட்டினார். "நீயும் ஒரு வார்த்தை கூப்பிடு. இல்லேன்னா தப்பா நினைச்சுக்கப் போறாரு."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"வாண்ணா," என்றாள்.