கை நுழைகிற இடைவெளி

1.

இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் தங்கை வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஹெல்மெட்டை என் எழுதுமேசையில், தாள்களின் மேலேயே வைத்தாள். "அண்ணே, நீ என்னென்னமோ எழுதறே இல்ல, இத எழுது" என்றாள். அவள் சொல்லி முடித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: "காலைக் கதிரவனின் பொன்னொளியில், பாதி எழும்பிய அந்த மருத்துவமனை —"

(அடித்துவிட்டேன். கதை நடக்கிற இடத்தில் கதிரவனுக்கு வேலையே இல்லை. எல்லாம் ட்யூப் லைட்.)

இரண்டாவது தொடக்கம்: "கட்டடச் சேவைகளின் எண்ணிம மாதிரி ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றும் அவள் —"

(இப்படி ஆரம்பித்தால் நானே பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.)

2.

ஆகவே நேராகவே சொல்கிறேன். ஆறு மாடி ஆஸ்பத்திரி. மேலே கான்கிரீட் தளம், கீழே நோயாளிகள் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பலகைக் கூரை. இரண்டுக்கும் நடுவில் இரண்டடி இருக்கிறது. தண்ணீர்க் குழாய், ஏசி காற்று போகிற பெரிய தகரக் குழாய், கரண்ட் கம்பிகள் என்று எல்லாமே அந்த இரண்டடிக்குள் போயாக வேண்டும். பிளம்பிங்காரர், ஏசிக்காரர், எலக்ட்ரிக்கல்காரர் மூன்று பேரும் உலகத்தில் தங்கள் வேலை ஒன்றுதான் இருக்கிறது என்ற நினைப்பில் வரைந்து கொடுப்பார்கள். மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒரே கட்டடமாகச் சேர்த்து, எது எதன்மேல் முட்டுகிறது என்று கட்டுவதற்கு முன்பே பிடிப்பது என் தங்கையின் வேலை. அந்தக் கம்ப்யூட்டர் கட்டடத்துக்கு மாடல் என்று பெயர். முட்டுகிற இடம் அதில் சிவப்பாகத் தெரியும். அதனால் சைட்டில் அவளுக்குச் சிவப்பு மேடம் என்று பெயர்.

மாடலுக்குக் குழாய் தெரியும், தகரம் தெரியும். மனிதக் கை தெரியாது. தண்ணீரை மூடுகிற வால்வைச் சுற்றிக் கை நுழைய ஒன்பது அங்குலம் விடு என்று யாராவது எண்ணைப் போட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவள் சொல்லிக்கொடுத்தாள். நூற்று நாற்பத்தேழு இடங்கள் சிவந்தன.

ஒரு வியாழக்கிழமை கட்டடத்தின் சொந்தக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது. புராஜெக்ட் மேனேஜருக்குத் திரையில் ஒரே ஒரு எண்தான் வேண்டும், பூஜ்யம். ஒன்பது என்று போட்ட இடத்தில் பூஜ்யம் போட்டால் நூற்று நாற்பத்தேழும் காணாமல் போய்விடும். ஒரு குழாயைக்கூட நகர்த்த வேண்டாம். மேனேஜர் அந்த எண்ணை மாற்றினார். வந்தவர்கள் கைதட்டினார்கள். மாடலைப் பூட்டி, தகரக் குழாய் செய்கிற தொழிற்சாலைக்கு அளவுகளை அனுப்பிவிட்டார்கள்.

(இந்தப் பத்தியில் ஒரு வாக்கியம் உறுத்துகிறது. எது என்று எனக்குத் தெரியும். இப்போதைக்கு இருக்கட்டும்.)

3.

சாண் அண்ணன் பிளம்பிங் ஃபிட்டர். எதையும் முதலில் கையை விரித்துச் சாண் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டேப்பை எடுப்பார், அதனால் அந்தப் பெயர். மூன்றாம் மாடியில், குழந்தைகள் வார்டுக்கு மேலே குழாய் மாட்டும்போது அவர் அவளுக்குப் போன் செய்தார்.

"மேடம், படத்துல இருக்கற மாதிரி மாட்டினா, தகரம் வந்தப்புறம் வால்வுகிட்ட கை போகாது. குழாய் ஒடைஞ்சா யாரு எப்படி மூடறது?"

"எவ்வளவுண்ணே வேணும்?"

"ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளிக்கறேன்."

"தள்ளிக்குங்க. மாடல்ல நான் மாத்திக்கறேன்."

அவர் கையால் சொன்னதும் அவள் முன்பு எண்ணாகப் போட்டதும் ஒரே அளவுதான். ஆனால் மாடலைத் திறக்க மேனேஜர் விடவில்லை. "தெறந்தா மறுபடி செவப்பு வரும்மா. பூஜ்யம்னு காட்டியாச்சு, விடு" என்றார். இரண்டு வாரத்தில் பூட்டிய அளவுக்கே வெட்டிய தகரத் துண்டுகள் லாரியில் வந்து இறங்கின. நகர்த்திய குழாயில் இடித்து, அந்த வார்டுக்கு மேலே எதுவும் பொருந்தவில்லை.

இப்போது ஒரு ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத ஆளாக இருந்தால் வசதி. கடிதம் தயாராகிவிட்டது: "மாடலில் மோதல் ஏதுமில்லை. ஃபிட்டர் அனுமதியின்றிக் குழாயை நகர்த்தியதால் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்." கீழே ஒருங்கிணைப்பாளர், அதாவது என் தங்கை, கையெழுத்துப் போடக் கோடு போட்டிருக்கிறது. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குள் போட வேண்டும். வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே மனிதனைத்தான் வெளியே தள்ளுகிறார்கள். என்ன அநியாயம் இது?

4.

முடிவு அ: மீட்டிங்கில் அவள் கடிதத்தைக் கிழித்து மேனேஜர் முகத்தில் —

(போனில் படித்துக் காட்டினேன். "சினிமாவாண்ணே எடுக்கறே?" என்று அவளே கேட்டுவிட்டாள்.)

முடிவு ஆ: சாண் அண்ணன் வந்து, "போட்டுடுங்க மேடம், எனக்கு வேற எடத்துல வேலை கிடைக்கும்" என்று சிரித்தபடி —

(இதைக் கிழித்தே போட்டேன். அடிபட்டவனையே பெருந்தன்மைக்காரனாக்கி, மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்க வழி செய்து கொடுப்பது எழுதுகிறவர்களின் பழைய அயோக்கியத்தனம்.)

5.

புதன்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் வந்து நின்றபடியே இதுவரை எழுதியதைப் படித்தாள். இரண்டாம் பகுதியில் விரலை வைத்தாள்.

"மேனேஜர் மாத்தினாருன்னு எழுதியிருக்கே."

"அவர் சொல்லித்தானே?"

"சொன்னாரு. மாத்தினது நான். மவுஸ் என் கையில இருந்துச்சு. போன செவ்வாக்கெழமையே உங்கிட்ட சொன்னேன்."

சொல்லியிருந்தாள். நான்தான் விட்டுவிட்டேன். நல்ல தங்கை, கெட்ட மேனேஜர் என்றிருந்தால் கதை வழுக்கிக்கொண்டு ஓடும்.

"உனக்கும் எதுவும் முட்டாம பூஜ்யம் வரணும். அதானே?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. அந்த வாக்கியத்தைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும் என்று.

"கையெழுத்துப் போடலன்னா?"

"ஏன்னு கேப்பாங்க. நான் மாத்தினத சொல்லணும். என் வேலையும் போகும்."

"போட்டா?"

"அவரு போவாரு. குழாயத் திரும்ப ஒரு சாண் உள்ள தள்ளிடுவாங்க." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். "பத்து மணிக்கு மீட்டிங். வரேண்ணே."

6.

பத்து மணிக்கு அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒன்று கைதட்டுவீர்கள், இல்லை உச்சுக்கொட்டுவீர்கள். எப்படியும் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள்.

இந்தக் கடைசிப் பகுதியைப் பல மாதம் கழித்து எழுதுகிறேன். அந்த ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. என்றாவது ஒருநாள் காய்ச்சலில் கிடக்கும் உங்கள் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நேரம் போகாமல் மேலே பார்ப்பீர்கள். வரிசையாக வெள்ளைப் பலகைகள் இருக்கும். அதில் ஒன்றுக்கு மேலே அந்த வால்வு இருக்கிறது. ஏணி கொண்டுவரச் சொல்லுங்கள். பலகையைத் தூக்கிவிட்டு, உங்கள் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.