ஏழாவது ரீலின் இருட்டு

கன்னட சினிமாவில் ஷடக்ஷரி கேமராவுக்குப் பின்னால் நின்ற இருபத்திரண்டு வருஷத்தில், அவர் காதில் அதிகம் விழுந்த வாக்கியம் ஒன்றுதான்: "முகம் தெரியலையே சார்!" பெங்களூர் காந்திநகர் விநியோகஸ்தர்கள் சொன்னார்கள். ஹூப்ளி தியேட்டர்காரர் டிரங்கால் போட்டுச் சொன்னார். ஒரு தயாரிப்பாளரின் மாமியார் காராபாத்தை மென்றுகொண்டே சொன்னாள். நடுராத்திரி சுவரேறிக் குதிக்கும் திருடனாக நடித்தாலும் ஹீரோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்க வேண்டும். ஷடக்ஷரி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு விளக்கை ஏற்றுவார். பிழைப்பு அப்படி.

அதனால் மேல்கோட்டைப் படப்பிடிப்பில் அன்று காலை சுதீந்திரா வந்து கேட்டதை அவரால் நம்பவே முடியவில்லை. சுதீந்திராதான் அப்போது மாநிலமே கொண்டாடிய ஹீரோ. அன்று எடுக்கவிருந்தது, இறந்த அப்பாவின் உடலருகே மகன் உட்கார்ந்திருக்கும் காட்சி.

"சார், ஒரு உதவி. இந்த ஷாட்டுல என் முகம் தெரியக்கூடாது."

"என்னப்பா சொல்றே? நிஜமாவா?"

"மார்ச்ல எங்கப்பா போனப்போ நான் அழலை சார். அம்மா உடைஞ்சிடுவாங்கன்னு கல்லு மாதிரி நின்னுட்டேன். இன்னைக்கு அடக்க முடியும்னு தோணலை. முதல் நாள் முதல் காட்சிக்கு அம்மா வருவாங்க. அவங்க கண்ணுல இது படவே கூடாது."

"படாது. என் பொறுப்பு."

வாக்கைக் கொடுத்துவிட்டு ஷடக்ஷரி குஷியாக வேலையில் இறங்கினார். முன்பக்க விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொன்னார். பின்னால் ஒரு ஜன்னல், தரையில் ஒரு குத்துவிளக்கு. தோளின் ஓரம் மட்டும் தெரிந்தது, முகம் நிழலில் கிடந்தது. இப்படி ஒரு ஷாட்டுக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் எல்லோரிடமும் திட்டு வாங்கியிருந்தார்.

டேக் சொல்வதற்கு முன்னால் அவர் விரல் லென்ஸ் வளையத்துக்குப் போனது. நெகடிவில் ஒன்றுமே பதியாமல் போய்விட்டால்? பதியாததை அந்த சாமுண்டி வந்தாலும் மீட்க முடியாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூடவே வாங்கிக்கொண்டு, பிரிண்ட் போடும்போது லேபில் இருட்டாக்கச் சொல்வதுதான் எல்லோரும் செய்கிற வேலை. வளையத்தைத் திருப்பிக் கூடுதல் வெளிச்சம் விட்டார். சுதீந்திரா அழுதான். கிளாப் அடிக்கிற பையன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

லேபில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் வெளிச்சம் குறிப்பவர் மெட்ராஸ் தனபால். முதல் பிரிண்டுக்கு ஷடக்ஷரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். ஆனால் தயாரிப்பாளர் கெம்பய்யா வரமகாலட்சுமி விரதத்தன்று ரிலீஸ் என்று நாள் குறித்துவிட்டார். ஒரு பாட்டு எடுக்க பாக்கி.

"ஜோக் அருவியில தண்ணி கொட்டுது சார். இப்ப விட்டா அடுத்த மழைக்குத்தான்."

"நான் லேபுக்குப் போகணும்யா!"

"அட, தனபாலுக்கு உங்களைத் தெரியாதா? ஒரு லெட்டர் போடுங்க."

ஷடக்ஷரி லெட்டர் போட்டார். 'ஏழாவது ரீல், தகப்பனார் காட்சி, முகம் இருட்டாகவே இருக்கட்டும்.' கீழே இரண்டு கோடும் போட்டார்.

ரிலீஸ் அன்று தியேட்டர் வாசலில் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடந்தது. மாடி பாக்ஸ் இருக்கைகளில் சுதீந்திராவின் அம்மா பத்மாவதம்மா, சுதீந்திரா, ஷடக்ஷரி என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏழாவது ரீல் வந்தது.

முகம் பளிச்சென்று தெரிந்தது. சிவந்த மூக்கு, கோணிய உதடு, கன்னத்தில் வழிந்த மை, எல்லாம் தெரிந்தன. சுற்றியிருந்த கறுப்பு வெளுத்துப்போய்ச் சாம்பலாகக் கிடந்தது. விசில் அடித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது. முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அழாதே அண்ணா!" என்றது.

சுதீந்திரா ஷடக்ஷரி பக்கம் சாய்ந்தான். "தெரியாதுன்னு சொன்னீங்களே சார்."

லேப்காரன் கெடுத்துவிட்டான் என்று சொல்ல வாயெடுத்தார். வளையத்தைத் திருப்பிய விரல் ஞாபகம் வந்தது. முகத்தை நெகடிவில் ஏற்றி வைத்ததே அவர்தான்.

பத்மாவதம்மா திரையைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இது நடிப்பா?"

சுதீந்திரா திரும்பித் திரையைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல?"

"இல்லம்மா."

"இத்தனை மாசமா உன்மேல எவ்வளவு கோவமா இருந்தேன் தெரியுமா? பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே, என்ன புள்ளை பெத்தேன்னு." அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் ஷடக்ஷரி நேராக எதிர் எஸ்டிடி பூத்துக்குப் போனார்.

"யோவ் தனபால்! லெட்டர் போட்டேனா இல்லையா?"

"வந்துச்சுண்ணே. ஆனா இருபது வருசமா என்ன சொல்லிக்கினு இருக்கே? எது எப்படி வந்தாலும் ஹீரோ மூஞ்சி மட்டும் டல்லடிக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே? நெகடிவ்ல மூஞ்சி நல்லாவே கீது. கை தவறி இருட்டுன்னு எழுதிட்டே, உன் பேரு கெடக்கூடாதுன்னு நானே வெளிச்சத்தைத் தூக்கிவிட்டேன்."

"கை தவறி ரெண்டு கோடு போடுவாங்களாய்யா!"

"கோச்சுக்காதேண்ணே. ஹூப்ளி பக்கம் போற பிரிண்ட்டு எதுவும் இன்னும் போடல. பெங்களூர் பிரிண்ட்டையும் மாத்திடலாம். நீ கேட்ட இருட்டையே வச்சுடட்டா?"

ஷடக்ஷரி கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். கார் அருகே ஆயிரம் ரசிகர்களுக்கு நடுவில் பத்மாவதம்மா முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் பட்டப்பகல் வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு குழந்தை மாதிரி நின்றான்.

"அண்ணே, லைன்ல கீறியா?"

"இருக்கேன்."

"இன்னா செய்யட்டும்?"

"வேண்டாம். எல்லாத்தையும் இப்படியே போடு."

போனை வைத்தார். அழுகையாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. அப்படி ஒரு இருட்டு அந்தக் காட்சியில் இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.