மிராபெல் மாடத்து ஞாயிறுகள்

அந்த ஞாயிறு காலை இமெல்டா ஒரு காற்சட்டையின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் பழைய உடுப்புக் கடையில் எடுத்த கம்பளிக் காற்சட்டை. கனடாக்காரன் காலுக்கு வெட்டியது, நீளம் கூட. கணவன் எமிலியானுஸின் உயரத்தை மனத்தில் பிடித்து ஊசி குத்துவாள், சந்தேகம் வரும், கழற்றிவிட்டு மறுபடி குத்துவாள். மன்னாரில் அவரை விட்டு வந்து இரண்டு மாரி போய்விட்டது. மெலிந்திருப்பார். உயரம் எங்கே போகப் போகிறது?

கீழே மகேந்திரராசாவின் கார் ஹோர்ன் அடித்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு இறங்கினாள்.

மகேந்திரராசா மட்டக்களப்புக்காரர், கீழ்வீட்டில் இருப்பவர். அவருடைய மனைவி கிளியும் எமிலியானுஸும் ஆட்களைக் களவாக அனுப்பும் ஒரே முகவரின் ஆட்களாகப் பம்பாயில் காத்திருந்தார்கள். எமிலியானுஸ் முதலில் வருவதென்றும் கிளி பின்னால் வருவதென்றும் ஏற்பாடு.

"சொன்னது ஞாபகம் இருக்கா புள்ள?" என்றார் மகேந்திரராசா. "கை காட்டக் கூடாது. வாசல்ல நிக்கக் கூடாது. உள்ளுக்குக் குடிவரவு ஆக்களிட்ட அவர் இங்க ஒருத்தரையும் தெரியாதெண்டுதான் சொல்லுவார். நாம வெளியில நிண்டு பல்லைக் காட்டினா எல்லாம் பாழ்."

"பிறகு நாங்கள் ஏன் அண்ணை போறம்?"

"வீட்டில இருக்க ஏலுமா உன்னால?"

ஏலாது. அந்தக் காலத்தில் மொன்றியலில் ஆளைக் கூப்பிடப் போன எல்லாரும் இப்படித்தான் போனார்கள்: கூப்பிடாமல், தெரியாதவர்கள்போல.

மிராபெல் விமான நிலையம் கட்டி அதிக காலம் ஆகவில்லை. எல்லாம் கண்ணாடி, பளபளப்பு, ஆட்கள் குறைவு. மேலே பார்வையாளர் மாடத்தில் விமானப் பிரியர்கள் கூடுவார்கள். கழுத்தில் கமராவும் கையில் தொலைநோக்கியுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள். அவர்களுக்குள் நின்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது மகேந்திரராசாவின் கணக்கு. அதற்காக ஒரு கமராவையும் இரவல் வாங்கி வந்து இமெல்டாவின் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"இதுகளுக்கு வீட்டில சோறு கறி ஆக்கிற வேலையில்லையோ" என்று அவர் முணுமுணுத்த நேரத்தில், நீளமான லென்ஸ் வைத்திருந்த ஒரு பெண் இமெல்டாவின் கமராவைப் பார்த்துச் சிரித்தாள். பெயர் ஜினெட். ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு காரியாலயத்தில் வேலை. இமெல்டா, தான் வேலை செய்யும் சந்தைக் கடையில் கீரை கழுவுமிடத்தில் பொறுக்கிய பிரெஞ்சில் பதில் சொன்னாள். லென்ஸின் மூடியைக் கழற்றவில்லை என்பதை ஜினெட்தான் சுட்டிக் காட்டினாள்.

விமானம் வந்தது. தூரத்தில் நின்றது. மிராபெலில் விமானம் கட்டடத்துக்குக் கிட்ட வராது. உயரக் கால்களில் ஒரு பஸ் போய்ப் பயணிகளை ஏற்றி வரும். இமெல்டா படம் எடுத்தாள், மறுபடி எடுத்தாள். பஸ் கட்டடத்துக்குள் மறைந்தது. உள்ளே விசாரித்து வெளியே விட்டதும் அவர் எடுப்பார் என்று, இருவரும் வீட்டுக்கு வந்து தொலைபேசியின் முன்னால் இருந்தார்கள். அது அடிக்கவில்லை.

முகவருக்குத் தொலைபேசி எடுத்தால், "சாமான் பிந்துது, அடுத்த கிழமை" என்றான். அடுத்த கிழமையும் போனார்கள். அதற்கடுத்த கிழமையும். இமெல்டா படங்களைக் கழுவி எடுத்து, விளக்கின் கீழ் வைத்துப் பஸ் ஜன்னல்களைத் தேடினாள். வெறும் புள்ளிகள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் நின்றால் வீட்டில் தொலைபேசி அடிப்பதுபோல இருக்கும். வீட்டில் இருந்தால் மிராபெலில் யாரோ வாசலில் நிற்பதுபோல இருக்கும்.

வேறு வழியாக யோசெப் வந்து சேர்ந்தான். மன்னார்ப் பெடியன், ஒரே கோயில் பங்கு, பம்பாயில் எமிலியானுஸோடு ஒரே அறையில் இருந்தவன். வந்து கதிரையின் நுனியில் இருந்தான். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அக்கா, அண்ணைக்குக் காய்ச்சல் வந்தது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனம்."

மகேந்திரராசா எழுந்து நின்றார். இமெல்டா இருந்தபடியே இருந்தாள்.

"அவரிட்ட இருந்தது மலேசியாப் பாஸ்போட். முனுசாமி எண்டு பேர். ஆசுப்பத்திரியிலயும் அந்தப் பேர்தான் குடுத்தம். சரியான பேரைச் சொன்னா அறையில இருந்த எல்லாரையும் பிடிச்சிருப்பாங்கள். செத்த பிறகும் சொல்ல ஏலாமப் போச்சு."

"எங்க தாட்டது?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "முனுசாமி எண்டா சைவம்தானே அக்கா. எரிச்சுப்போட்டாங்கள். நான் பின்னுக்கு நிண்டு வாய்க்குள்ள அருள்நிறைந்த மரியே செபம் சொன்னன். சத்தமாச் சொல்லப் பயம்."

அவள் அப்போதும் அழவில்லை. யோசெப்பின் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கிக் கொண்டு வந்து வைத்தாள்.

மறுநாள் மகேந்திரராசா படியேறி வந்து கதவடியிலேயே நின்றார்.

"புள்ள, நான் கேக்கக் கூடாத ஒண்டைக் கேக்கிறன்."

"கேளுங்கோ."

"அவருக்கெண்டு பூசை இப்ப வைக்காத. கோயில்ல பேர் வாசிச்சா கதை நாளைக்கு மன்னாருக்குப் போகும், அங்கிருந்து பம்பாய்க்குப் போகும். அந்த அறைக்குப் பொலிஸ் போனா... கிளி அங்கதான் இருக்கிறாள்."

"அதுவரைக்கும் நான் தாலியோட திரியட்டோ அண்ணை?"

அவர் திரும்பிப் படியிறங்கப் போனார். அவள் கூப்பிட்டுச் சொன்னாள். "சரி. கிளியக்கா வரட்டும்."

அதன் பிறகுதான் அவளுக்கு மிராபெல் தேவைப்பட்டது. கறுப்பு உடுக்க முடியாது. பூப்போட்ட பிளவுஸோடு சந்தைக்குப் போனாள். "இன்னும் வரேல்லையோ?" என்று கேட்பவர்களுக்கு "வருவார்" என்று சொல்லிச் சொல்லி வாய் கசந்தது. மிராபெல் மாடத்தில் மட்டும் யாரும் எமிலியானுஸைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். வால், சக்கரம், இறக்கை, புகை என்று கண்டதை எல்லாம் எடுத்தாள். ஒரு நாள் ஜினெட் ஒரு விமானத்தின் பக்கத்தைக் காட்டினாள். புது நிறுவனம் வாங்கிப் புதுப் பெயர் எழுதியிருந்தது. வெயில் சாய்வாக விழுந்தபோது, தீந்தைப் பூச்சுக்கு அடியில் பழைய பெயரின் விளிம்பு தெரிந்தது. இமெல்டா அந்த இடத்தையே பிலிம் முடியும்வரை எடுத்தாள்.

"ஒண்டையே ஏன் எடுக்கிற?" என்றார் மகேந்திரராசா.

"சும்மா இருங்கோ அண்ணை."

பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு. விமானம் நின்று, பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஜினெட் தன் நீள லென்ஸை இமெல்டாவின் கையில் கொடுத்திருந்தாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனவள் நின்றாள். பச்சைக் கம்பளிச் சட்டை, நடுவகிடு, கம்பியை இறுக்கிப் பிடித்த கை. மகேந்திரராசாவின் சட்டைப்பையில் இருக்கும் படத்து முகம்.

"அண்ணை. வந்திட்டா."

அவர் கண்ணாடியோடு ஒட்டிப் போனார். கை தானாக மேலே எழும்பியது.

"கையைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ" என்றாள். அவர் இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றார். அவள் படம் எடுத்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் கிளி வந்து சேர்ந்தாள். குளித்து, சாப்பிட்டு, இமெல்டாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது ஓயும்வரை அவள் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, இமெல்டா கைகழுவிக்கொண்டு வந்து, தமிழ்ப் பூசை வைக்கும் சுவாமிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"யாருக்குப் பிள்ளை பூசை?"

"சந்தியாகு எமிலியானுஸ். என்ர மனுசன்."

"அடக்கம் எங்க நடந்தது?"

"அடக்கம் இல்லை சுவாமி. எரிச்சது. வேற பேரில."

மறுபக்கத்தில் கொப்பி புரட்டும் சத்தம் கேட்டது. "பேரை இன்னொருக்காச் சொல்லும்" என்றார். அவள் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். குசினியில் கிளியும் மகேந்திரராசாவும் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாஸ்போட்டுக்கு உரிய முனுசாமி மலேசியாவில் எங்கேயோ உயிரோடு இருந்திருப்பார். பம்பாயில் அவர் இறந்ததாக எழுதியதை யாரும் போய்த் திருத்தவில்லை.