எட்டு நட்டுகளின் கைநாட்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமையே கிடையாது, தெருவில் ஒரு கார் நாலு தடவை இருமினால் உடனே புகார் எழுதிப் போட்டுவிடுகிறார்கள் என்று மாரப்பன் முனகினார். முன்பெல்லாம் நேரில் வந்து திட்டிவிட்டுப் போவார்கள். அதில் ஒரு மரியாதை இருந்தது.

அப்படி வந்த புகாரின் பேரில் அவருடைய பழைய காரைப் பார்க்கச் சுகாதார ஆய்வாளர் வசந்தமணி வந்திருந்தாள். மூன்று மணிக்குள் இருமல் நிற்காவிட்டால் காரை இருமல் வார்டில் சேர்த்துவிடுவார்கள். அந்த வார்டுக்குப் போன எந்த வண்டியும் திரும்பி வந்ததில்லை. நாற்பது வருஷமாக மாரப்பன் நம்பி ஏறியது இந்த ஒரு வண்டியில்தான். ஸ்டிரெச்சரோடு இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

நோய் என்னவென்று அவருக்குத் தெரியும். இன்ஜினின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய், மேனிஃபோல்டு, விலகியிருந்தது. புகை கசியாமல் இடுக்கை அடைக்கும் புதுக் கேஸ்கட் வைத்தார். குழாயைத் தூக்கிப் பொருத்தினார். எட்டுப் பித்தளை நட்டுகளில் நடுவில் இருக்கும் நாலாவதை எடுத்தார்.

"நில்லுங்க பெரியவரே. டோக்கன் வரிசைப்படிதான் இறுக்கோணும். ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றாள் வசந்தமணி.

"ஓரத்துல ஆரம்பிச்சா இரும்பு கோணிக்கும் அம்மிணி. நடுவுல ரெண்டு, அப்புறம் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி."

"நடுவுல பூந்தா மத்த நட்டெல்லாம் சும்மா உடுமா?"

மாரப்பன் நட்டுகளைப் பார்த்தார். சும்மா விடாது போலத்தான் இருந்தது.

டோக்கன் கவுண்டர் காரின் டிக்கியில் இருந்தது. உள்ளே ஒரு குமாஸ்தா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மாரப்பன் நட்டுகளைத் தான் இறுக்கும் முறைப்படி புதிதாக வரிசையில் நிறுத்தினார். நாலு, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, ஏழு, ஒன்று, எட்டு.

"நேர்ல வந்தாத்தான் டோக்கன்," என்றார் குமாஸ்தா.

"நேர்லதான் நிக்கறாங்க."

"இருக்கறதுக்கு அத்தாட்சி?"

"கையில புடிச்சுப் பாருங்க."

"நான் புடிச்சா அது என்னோட அத்தாட்சி. கையெழுத்து வேணும்."

"படிக்காததுங்க. என்னையாட்டக் கைநாட்டுத்தான்."

ஒவ்வொரு நட்டாக மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். குமாஸ்தா கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஏழாவது ஆளு உங்க மூஞ்சியாட்டவே இருக்குது. சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்."

டோக்கன் கிடைத்தது. வசந்தமணி எட்டு டோக்கன்களையும் சரிபார்த்தாள். இறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

நாலுக்கும் ஐந்துக்கும் நின்ற இடத்திலிருந்தே கை எட்டியது. மூன்றிலிருந்து ஆறுக்குத் தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. இரண்டிலிருந்து ஏழுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது, காத்திருந்தார். ஒன்றிலிருந்து எட்டுக்கு டவுன் பஸ் ஏறினார்.

"எங்கீங் போகோணும்?" என்றார் கண்டக்டர்.

"எட்டாம் நட்டு."

"அங்க நிக்காதுங். ஏழுல எறங்கி நடந்துக்குங்க. ஸ்பேனருக்கு அரை டிக்கெட்."

வெயிலில் நடந்து போய் எட்டைப் பிடித்தார். ஆனால் இதெல்லாம் முதல் சுற்று. முதல் சுற்றில் பாதிதான் இறுக்க வேண்டும். மறுபடி நாலிலிருந்து தொடங்கினார். அதே தெரு, அதே கேட், அதே பஸ். காலில் கொப்புளம் கண்டது. ஒரு நட்டையும் இறுக்காமல் விடவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் எட்டாவது நட்டும் முழுதாக இறுகியது. இப்போது இன்ஜின் பழையபடி ஒன்றரை முழ நீளம்தான் இருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பினார். எங்காவது கசிகிறதா என்று பார்க்க, பீடியைப் பற்றவைத்துக் கேஸ்கட்டின் ஓரமாகக் கொண்டுபோனார். புகை நேராக ஏறியது. எங்கும் கலையவில்லை.

வசந்தமணி பானெட்டில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுச் சீல் குத்தினாள். ஸ்டிரெச்சர்காரர்களில் ஒருவன் ஏமாற்றம் தாங்காமல் ஸ்டிரெச்சரில் படுத்துக்கொண்டான்.

"குணமாயிருச்சு. ஏறிப் போங்க பெரியவரே."

"சூடு ஆறோணும். ஆறினப்புறம் இன்னொருக்கா இறுக்கிப் பாக்கோணும்."

"குணமானவங்களத் தொடப்படாது. சட்டம்."

"இரும்பு உங்க சீலைப் பாக்காது அம்மிணி."

"சத்தமே இல்லீங்களே? இன்னும் என்ன சந்தேகம்?"

மாரப்பன் காது கொடுத்துக் கேட்டார். சத்தமே இல்லைதான். இன்ஜின் ஓடும் சத்தம்கூட இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷத்தில் அது ஒரு நாளும் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

வசந்தமணி கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறலீங்களா?"

"வாயே தொறக்காத வண்டிய நம்பி எப்படி ஏற? நான் நடந்துக்கறேன்."

ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். முப்பது அடி போனதும் நின்று, திரும்பாமலே, இருமல் வருகிறதா என்று காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

"சூடு ஆறட்டும், பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் நடந்தார்.