பை பிடித்துக்கொண்டு நிற்பவர்

…வரப் பிடிக்கவில்லையென்றால் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே, அதற்கு எதற்கு லோடு வருகிறது, லாரிக்காரன் கூப்பிட்டான் என்று ஒரு கதை, பைப் கடைக்கு லோடு நாளைக்கு வந்தால் பைப் என்ன அழுகியா போய்விடும், கல்யாண நாள் நாளைக்கு வருமா… இருபத்தைந்தாவது கல்யாண நாள், கையில் காட்டுத் தொங்கு பாலத்துக்கு இரண்டு டிக்கெட், வாசலில் வனக்காவலர் ‘இன்னொருத்தரு எங்கீங்க?’ என்று கேட்டபோது ‘வரலீங்க’ என்று சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது, ஏதோ நானே பாதி வழியில் தொலைத்துவிட்டு வந்த மாதிரி. காலையில் கேட்டேவிட்டேன், ‘என்கூட வரப் புடிக்கலைன்னா நேராச் சொல்லிப்போடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்’ என்று, நினைக்க மாட்டேனாம், நல்ல பொய்… அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றார், அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் துடியலூர் பஸ் ஸ்டாப்புக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டது யார், அவர்தான், கொய்யாப்பழத்தைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டதும் அவர்தான், ‘பாத்துப் போயிட்டு வா அம்மணி’ என்று பஸ் நகரும் வரைக்கும் வெயிலில் நின்றதும் அவர்தான், இப்படிப்பட்ட மனுஷனை முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடிகிறதா. மகள் மோகனப்பிரியா வேலைக்கென்று பெங்களூர் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர், அந்த ஒரு ஆளுக்கும் என் கூட்டு சலித்துவிட்டதென்றால் மிச்ச வருஷங்களை நான் யாரோடு பேசிக் கழிப்பது?

மூங்கில் புதருக்கு நடுவே பாதை, காய்ந்த யானைச் சாணத்தைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன், மேலே ஒரு மலையணில், வாலே ஒரு முழம் இருக்கும், ‘ஏனுங்க, அங்க பாருங்க’ என்று வாய் தானாகத் திறந்து பக்கத்தில் திரும்பினால் யாருமில்லை, பின்னால் வந்த ஒரு பெண் தன்னைக் கூப்பிட்டேனோ என்று பார்த்தாள், சிரித்து மழுப்பினேன். கோபத்திலும் அவருக்குக் காட்டத்தானே தோன்றுகிறது… அவரோடு வந்திருந்தால் மட்டும் என்ன, கடைசியில் நான்தான் தனியாகப் போவேன், எங்கே போனாலும் அப்படித்தான். பொருட்காட்சியில் ராட்டினம், ‘நீயும் பாப்பாவும் போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்.’ மலம்புழாவில் ரோப் கார், ‘செருப்பு, பையெல்லாம் ஆரு பாக்கறது, நீங்க போயிட்டு வாங்க.’ பழனியில் எல்லோரும் ரோப் காருக்கு வரிசையில் நின்றால் இவர் மட்டும் படியேறுவார், முருகனை ஏறி வந்துதான் பார்க்க வேண்டுமாம், என் மாமியாருக்குப் பெருமை தாங்காது, ‘எம்பட பையனாட்டம் பக்தி ஆருக்கு வரும்’ என்று சொந்தமெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. மூன்றாவது மாடியில் நல்ல காற்றோட்டமான வீடு வந்தது, வாஸ்து சரியில்லை என்றார், தரையோடு இந்த வீடு. சாக்கடையில் நல்ல பாம்பு வந்தபோது பைப்பை வைத்து அமுக்கிப் பிடித்தவர், கதிர்வேல் அண்ணனாட்டம் தைரியம் வராது என்று தெருவே சொல்கிறது, அந்தத் தைரியசாலிக்கு என்னோடு ஒரு ராட்டினத்தில் உட்கார நேரமில்லை. ஒருநாளாவது ஏன் என்று கேட்டிருக்கிறேனா, கேட்டதில்லை, புருஷன் சொன்ன காரணத்தைக் குடைந்து கேட்பது எங்கள் பக்கம் மரியாதையில்லை, அவரும் மரியாதையாகக் காரணம் சொல்லுவார், நானும் மரியாதையாக நம்பிவிடுவேன்.

பாலம் வந்துவிட்டது. படத்தில் பார்த்ததைவிட ஒல்லி, இரண்டு பக்கமும் கம்பிக் கயிறு, நடுவில் பலகை, அடியில் எங்கேயோ தண்ணீர் சத்தம். கூட்டம் கூட்டமாக விடுகிறார்கள். பின்னால் வந்தாளே அந்தப் பெண், அவள் பெயர் யாஸ்மினாம், உக்கடத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருக்கிறாள், அவள் புருஷன் கழுத்தில் தண்ணீர் பாட்டில், தோளில் கூடை, கையில் பிள்ளைகளின் தொப்பி. ‘அக்கா, நீங்களும் பையைக் குடுத்துட்டுப் போங்க, நான் இங்கதான் நிக்கிறேன்’ என்றார் என்னிடம். ‘நீங்க போகலீங்களா?’ ‘முட்டி வலிக்கா, நமக்கு ஆகாது. நீங்க போங்க, நான் போட்டோ எடுக்கறேன்.’ இங்கேயும் ஒருத்தரா, எந்தக் காட்டுக்குப் போனாலும் ஒருவர் இருப்பார் போலிருக்கிறது… கொய்யாப்பழம் இருக்கிற பையைக் கொடுக்க மனசில்லை, மாட்டிக்கொண்டே போனேன்.

முதல் பத்தடி ஒன்றுமில்லை, சும்மா ஊஞ்சல் மாதிரிதான், இதற்கா இவ்வளவு பேச்சு என்று நடந்தேன், நடுவில் வந்ததும் யாரோ முன்னால் வேகமாகப் போக, பலகை ஒரு பக்கம் எழும்பி என் கால் இன்னொரு பக்கம் இறங்கி, கீழே பார்த்துவிட்டேன்… பார்த்திருக்கக் கூடாது. உள்ளங்கால் கூசுகிறது, கை கம்பியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, முன்னாலும் போக வேண்டாம் பின்னாலும் போக வேண்டாம், இப்படியே உட்கார்ந்துவிட்டால் போதும் என்று… நான் கீதாதானே, ராட்டினத்தில் கையை விட்டுவிட்டுச் சிரித்தவள்தானே, எனக்கு எங்கிருந்து வந்தது இது? வயசா? அல்லது அப்போதெல்லாம் கீழே பையோடு ஒரு ஆள் நிற்கிறார் என்ற நினைப்பில்தான் சிரித்தேனா? ‘அக்கா, கீழ பாக்காதீங்க, என் முதுகப் பாத்து வாங்க’ என்று யாஸ்மின் என்னைத் தாண்டி முன்னே போனாள், அவள் முதுகைப் பிடிக்காத குறையாக மறுகரைக்குப் போய்ச் சேர்ந்து ஒரு பாறையில் உட்கார்ந்தேன்.

‘இவரு எப்பவும் இப்படித்தான்க்கா, எங்க வந்தாலும் முட்டி வலிம்பாரு, எங்ககூட வர்றதுக்கே இஷ்டம் இல்ல’ என்றாள் யாஸ்மின், அப்படியே என் குரல். முட்டி வலிக்காரர் அவ்வளவு தூரம் காட்டில் கூடையோடு எப்படி நடந்தார் என்று கேட்க வந்தவள் அந்தக் கரையைத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் விளையாட்டாகப் பாலத்தில் பாதி வரை திரும்பி ஓடினார்கள், அங்கே அவள் புருஷன் ஒரு கையால் மரத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறார், மண்ணில் நின்றுகொண்டு மரத்தைப் பிடித்திருக்கிறார், உதடு அசைகிறது, பிள்ளைகள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அவர்கள் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம் சுருங்கி விரிகிறது… அடடா. அடடா, கீதா. பழனிப் படிக்கட்டு, மலம்புழா, வாஸ்து, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ராட்டினத்தில் நானும் மோகனாவும் இருக்கிற படங்கள், அவர் எடுத்தது ஒன்றுகூடத் தெளிவாக விழுந்ததில்லை, ஒரு போட்டோ ஒழுங்காக எடுக்க வராதா என்று எத்தனை தடவை சடைத்திருக்கிறேன், கை நடுங்கினால் படம் எப்படி விழும்? பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் ஒருநாளும் பையைப் பார்த்ததில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சலிப்பில்லை, என் மேல் சலிப்பே இல்லை… மனுஷனுக்கு உயரமென்றால் பயம். இந்த மனுஷனையா நான் காலையில் அப்படிக் கேட்டேன், எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மரத்தைப் பிடித்த கைக்காக அழுகையும் வந்தது.

பாறை மேல் போனுக்கு டவர் கிடைத்தது, அவரைக் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், லோடு இறக்குகிற சத்தம் எதுவும் இல்லை, வீட்டு ஃபேன் சத்தம்தான் கேட்டது. ‘ஏறிட்டயா? ரொம்ப ஆடுதா கண்ணு?’ என்றார் எடுத்ததும். எப்படிச் சொல்வது, தெரியும் என்று சொல்வதா, தெரியாத மாதிரியே இருந்துவிடுவதா, யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது, ‘ஏனுங்க, அடுத்த தடவை நானும் உங்ககூடக் கீழயே நின்னுக்கறேனுங்க.’ அந்தப் பக்கம் ஃபேனை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, ‘மோகனா சொல்லிப்போட்டாளா?’ என்றார்.

அப்படியானால் மோகனாவுக்குத் தெரியும்… பக்தி பக்தி என்று ஊரெல்லாம் சொன்ன மாமியாருக்கும் தெரிந்துதான் இருக்கும், கடையில் இருப்பவர்களுக்கும் தெரியுமோ என்னவோ, எல்லோரிடமும் சொல்ல முடிந்தவருக்கு என்னிடம் மட்டும் முடியவில்லை. என் ஒருத்தி முன்னால் மட்டும் பயமே இல்லாதவராக நிற்க வேண்டுமென்று இத்தனை வருஷம்… இதற்குக் கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா? ‘ஆரும் சொல்லலீங்க’ என்றேன், ‘பாதிப் பாலத்துல எனக்கே பயம் வந்துருச்சுங்க, திரும்பி வரோணுமேன்னு இப்பவும் கால் நடுங்குது.’ சொன்ன பிறகுதான் உறைத்தது, பயம் என்று நானும் இந்த மனுஷனிடம் இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. ‘நெசமாலுமா?’ என்றார் அவர், அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட நான் கேட்காத சந்தோஷம்.