நாலாவது பாகம்

வருடாவருடம் நடக்கும் அந்த இசை விழாவில் மேடையில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். மைக் கிடையாது. கொஞ்ச நாற்காலிகளுக்கு ஊரே அடித்துக்கொள்ளும். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அதே ஆட்கள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுவார்கள். நாலு பாக இசை என்றால் நாலும் முடிந்த பிறகே கைதட்ட வேண்டும். நடுவில் தட்டியவனைப் பரீட்சையில் காப்பியடித்து மாட்டியவன் மாதிரி பார்ப்பார்கள்.

இந்த வருடம் புத்தம் புது இசை. யாரும் கேட்டதில்லை. மேடையேறும் நால்வரில் வயோலா வாசிப்பவள் விழாவுக்குப் புதியவள். வயோலா என்பது வயலினுக்கு அண்ணன் மாதிரி, கொஞ்சம் பெரிசு, யார் கண்ணிலும் படாது. அவளுடைய சொந்த அண்ணன் பஸ் டிரைவர். அவள் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எப்போதும் டியூட்டி.

"அண்ணா, மொத்தம் நாலு பாகம். நடுவுல தட்டிடாத. மானம் போயிடும்."

"நாலு வரைக்கும் எண்ணத் தெரியும்டி எனக்கு."

"நாலாவதுதான் என்னோடது. ஆரம்பத்துல நான் மட்டும் தனியா வாசிப்பேன். அத நீ கேக்கணும். அதுக்குத்தான் கூப்பிடறேன்."

"மத்த மூணுல என்ன பண்ணுவ?"

"வயலின்காரருக்கு முட்டுக் குடுப்பேன்."

அண்ணன் இரவல் கோட்டுப் போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். கோட்டு இறுக்கியதால் முதுகு வளையவில்லை. பார்க்கப் பெரிய மனுஷர் மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மா. ஒரு வருடமும் விழாவைத் தவறவிடாதவர்.

"சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"அத ஏம்மா கேக்கறீங்க. முன்னாடி கண்டக்டர்னு தனியா ஒருத்தர் இருந்தாரு. இப்ப அந்த வேலையும் என் தலையில கட்டிட்டாங்க."

பெரிய இசைக்குழுவுக்கு முன்னால் நின்று கையசைத்து நடத்துபவருக்கும் கண்டக்டர் என்றுதான் பெயர். டாக்டரம்மாவுக்குத் தெரிந்த கண்டக்டர் அவர் ஒருவர்தான்.

"அய்யய்யோ, ரெண்டையும் ஒரே ஆளா சமாளிக்கிறீங்களா?"

"என்ன செய்ய, எல்லாரையும் கொண்டுபோய்ச் சேக்கணுமே."

டாக்டரம்மா சிலிர்த்துப்போனார். முன்வரிசையில் ஒரு கண்டக்டர் இருக்கும் சேதி விளக்கு அணைவதற்குள் கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

முதல் பாகம் முடிந்தது. அண்ணன் கட்டைவிரலை மடக்கினார். இரண்டாவது முடிந்ததும் ஆள்காட்டி விரலை மடக்கினார். அப்போது ஒரு தந்தி இறங்கிவிட, நால்வரும் கொஞ்ச நேரம் சுருதி சேர்த்தார்கள். அதையும் ஒரு பாகம் என்று அண்ணன் இன்னொரு விரலை மடக்கினார். சின்னப் பாகம்தான், ஆனால் இதுவரை வாசித்ததில் அதுதான் அவருக்குப் புரிந்தது.

உண்மையான மூன்றாவது பாகம் தடதடவென்று ஓடி இடி மாதிரி முடிந்தது. அண்ணன் எழுந்து நின்று தட்டினார்.

கண்டக்டரே எழுந்துவிட்டார்! மண்டபம் மொத்தமும் எழுந்தது. நிற்கும் கூட்டத்தைப் பார்த்ததும் முதல் வயலின்காரரின் இடுப்பு தானாக வளைந்தது. இன்னும் இரண்டு பேர் வளைந்தார்கள். மூவரும் திரைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

தங்கை மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. அண்ணனைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள்.

அவர் கை நின்றது. தொப்பென்று உட்கார்ந்தார். மண்டபமும் உட்கார்ந்தது.

அவள் தன் பாகத்தைத் தனியாகத் தொடங்கினாள். திரைக்குப் பின்னாலிருந்து மூவரும் பூனை மாதிரி வந்து சேர்ந்துகொண்டார்கள். இசை மெல்லத் தேய்ந்து அடங்கியது.

யாரும் தட்டவில்லை. அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் தட்டாமல் யார் தட்டுவது? ஒருவர் வந்த இருமலை விழுங்கினார்.

"அண்ணா," என்றாள் அவள் மேடையிலிருந்தே. "முடிஞ்சிருச்சு."

"நெஜமாவா?"

"நெஜமா. கேட்டியா, இல்லியா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "மறுபடி கை தட்டிடுவேனோங்கற பயத்துல ஒண்ணும் காதுல ஏறலடி. அந்த ஆரம்பத்த மட்டும் இன்னொரு தடவ வாசியேன்."

டாக்டரம்மா பின்வரிசைக்குத் திரும்பினார். "கேட்டீங்களா? கண்டக்டரே திரும்பக் கேக்கறாரு!"

மண்டபம் அதிரத் தட்டியது. முதல் வயலின்காரர் குனியப் போனார். தங்கை வில்லைத் தூக்குவதைப் பார்த்து, குனிந்த வாக்கிலேயே உட்கார்ந்துகொண்டார்.